வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வந்த மெயில்: ராணிப்பேட்டையில் எனக்கு நடந்தது

கணக்கு_ராணிப்பேட்டை | ஞாயிறு இரவு 9.10

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 11 வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மூன்று வாரம் முன்பு என் கையால் 18,400 யூரோ தவறான கணக்குக்குப் போய்விட்டது. வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. இங்கே எழுதுவதற்குக் காரணம், இதே மெயில் நாளைக் காலை ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ இன்னொரு அக்கவுண்டன்ட் மேசைக்கு வரலாம்.

இத்தாலியில் ஒரு சப்ளையரிடம் சோல் வாங்குகிறோம், ஆறு வருடப் பழக்கம். ப்ரொஃபார்மா இன்வாய்ஸ், அதாவது சரக்குக்கு முன்பே அனுப்பும் பில் வரும், நான் பேங்குக்குப் பேப்பர் தயார் செய்வேன், பணம் போகும், பணம் போனதற்கு பேங்க் தரும் ஸ்விஃப்ட் காப்பியை மெயிலில் அனுப்புவேன். அந்த மாதமும் இன்வாய்ஸ் வந்தது, அது உண்மையானதுதான். இரண்டு நாள் கழித்து, எங்கள் பழைய பேச்சு எல்லாம் கீழே அப்படியே இருக்க, அங்கே உள்ள அம்மா வழக்கமாகப் போடும் கையெழுத்தோடு ஒரு மெயில். எங்கள் வங்கியில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் போலந்தில் உள்ள எங்கள் இன்னொரு கணக்குக்கு அனுப்புங்கள், திருத்திய இன்வாய்ஸ் இணைத்திருக்கிறேன், கண்காட்சியில் இருப்பதால் போன் எடுக்க முடியாது, மெயிலிலேயே உறுதி செய்யுங்கள் என்று.

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. லோகோ சரி, இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, சோலின் ஆர்ட்டிகிள் நம்பர்கூட சரி.

மனசுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். போலந்து ஏன் என்று மெயிலிலேயே கேட்டேன், பத்து நிமிடத்தில் அன்பாகப் பதில் வந்தது. போன் செய்யலாம் என்றும் நினைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை மணி மூன்றரை, பேங்கில் பேப்பர் வாங்கும் நேரம் முடியப்போகிறது, போனில் ஆங்கிலம் எனக்குத் திணறும், முதலாளி சென்னையில் பையர் மீட்டிங்கில் இருக்கிறார். மீட்டிங் நடுவில் கூப்பிட்டால் "இதைக்கூட நீயே பார்க்க மாட்டாயா" என்பார், ஒருமுறை சொல்லியும் இருக்கிறார். அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த ஃபார்ம் டிராயரில் இருந்தது. பேப்பர் போனது.

அடுத்த வியாழக்கிழமை உண்மையான இத்தாலிக்காரர் பணம் எங்கே என்று கேட்டார். அப்புறம்தான் அந்த முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். கம்பெனிப் பெயரின் நடுவில் ஆங்கில எம் இருக்கும். இதில் எம் இல்லை, ஆர் ஒன்றும் என் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. என் மானிட்டரில் இரண்டும் ஒட்டி எம் போலவே தெரிகின்றன, 200 சதவீதம் பெரிதாக்கிய பிறகுதான் நடுவில் மயிரிழை இடைவெளி கண்ணுக்குத் தட்டுப்பட்டது.

பணம் திரும்ப வருமா, எங்கள் பேச்சு முழுக்க அவனுக்கு எப்படித் தெரிந்தது, இனி எப்படித் தடுப்பது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம்_ஓய்வு | ஞாயிறு இரவு 9.48

தம்பி, பேங்கில் 34 வருடம் இருந்தவன், அதில் ஒன்பது வருடம் வெளிநாட்டுப் பணம் பார்க்கும் ஃபாரெக்ஸ் டெஸ்க். முதலில் மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்குப் போன பணத்தை உங்கள் பேங்க் ரீகால் மெசேஜ் அனுப்பிக் கேட்கலாம். ஆனால் வாங்கிய பேங்கில் அந்தப் பணம் இன்னும் இருக்க வேண்டும், அநேகமாக அந்தக் கணக்குக்காரன் சம்மதமும் கேட்பார்கள். திருடன் பணத்தை ஒரு நாள்கூட அங்கே விட்டு வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை அனுப்பி வியாழக்கிழமை தெரிந்தது என்றால் நம்பிக்கை குறைவு என்றுதான் சொல்ல வேண்டும், பொய் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ரீகால் எழுத்தில் கொடுத்தீர்களா, அதற்குப் பதில் எழுத்தில் வாங்கினீர்களா என்று பாருங்கள்.

உள்நாட்டுப் பணம் என்றால் கதை வேறு. சைபர் மோசடிப் புகாருக்கு 1930 என்ற உதவி எண், முன்பு 155260 என்று இருந்தது. அதற்கு உடனே கூப்பிட்டால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை, அதிலிருந்து தாவிய அடுத்த கணக்கை எல்லாம் பேங்குகள் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. அதற்கு முதல் சில மணி நேரம்தான் உயிர். யாரிடம் சொல்வது, முதலாளி என்ன நினைப்பார் என்று ஒரு ராத்திரி யோசித்துவிட்டால் முடிந்தது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதிவு செய்யுங்கள். இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் இன்னும் எல்லாவற்றிலும் வேலூர் மாவட்டம் என்றே எழுதுகிறார்கள். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆகிவிட்டன, புகாரில் மாவட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் பேப்பர் இடம் மாறுவதிலேயே நாள் போகும்.

பலரும் ரிசர்வ் வங்கி விதியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்று வருவது, நமக்குத் தெரியாமல், நம் பக்கமும் பேங்க் பக்கமும் தவறு இல்லாமல் மூன்றாம் ஆளால் போன பணத்துக்கு. நாமே பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ கொடுத்திருந்தால், பேங்குக்குச் சொல்லும் வரையிலான நஷ்டம் நம்முடையது, சொன்ன பிறகு நடப்பது பேங்குடையது. நாமே கையெழுத்துப் போட்டு அனுப்பியது இதற்குள்ளேயே வராது. அதனால் வரும் முன் காப்பதுதான் வழி, வந்த பின் சட்டம் பெரிதாகக் கை கொடுக்காது.

சாதாரண_வாசகன் | ஞாயிறு இரவு 10.15

வருத்தமாக இருக்கிறது. ஆனால் படித்தவர்கள், 11 வருட அனுபவம் உள்ளவர்கள் எப்படி இதில் விழுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. முகவரியைப் பார்த்தால் தெரிந்துவிடும், இங்கிலீஷ் தப்பு தப்பாக இருக்கும், "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று தொடங்கும். கொஞ்சம் கவனம் இருந்தால் போதாதா?

காட்பாடி_நெட்வொர்க் | ஞாயிறு இரவு 11.02

போதாது. நான் காட்பாடியில் ஒரு கல்லூரியில் மெயில் சர்வர் பார்க்கிறேன், இது என் தினசரி வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 முதல் 2015 வரை லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசவ்ஸ்காஸ் என்ற ஒருவன், தைவானின் க்வான்டா கம்ப்யூட்டர் பெயரில் பொய் இன்வாய்ஸ் அனுப்பி கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் வாங்கினான். 2019-ல் அமெரிக்காவில் ஐந்து ஆண்டுச் சிறை கிடைத்தது. அவன் செய்ததும் கணக்கு அண்ணாவுக்கு நடந்ததும் ஒரே வித்தைதான். உண்மையிலேயே பாக்கி இருக்கும் ஒரு சப்ளையர் பெயரில் கேட்பது. கூகுளில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கவனம் இல்லை என்று சொல்வீர்களா?

தப்பு இங்கிலீஷ் என்பது பழைய அடையாளம். இப்போது ஏ.ஐ. வைத்து நல்ல ஆங்கிலம் எழுதுகிறார்கள், நல்ல தமிழும் எழுதுகிறார்கள். பிழை இருந்தால் பொய் என்று சொல்லலாம், பிழை இல்லாததால் உண்மை என்று சொல்ல முடியாது. பிரவுசரில் தள முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படமும் அப்படித்தான். அது உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்று மட்டும் சொல்கிறது, தளம் யாருடையது என்று சொல்வதில்லை. அந்தப் பூட்டு வருவதற்கான சான்றிதழைத் திருடனும் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். மக்கள் தவறாக நம்புகிறார்கள் என்பதால்தான் 2023-ல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

அண்ணா, உங்கள் மெயிலை ஜிமெயிலில் திறந்து மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மேலே எஸ்.பி.எஃப், டி.கிம், டிமார்க் என்று மூன்று வரி இருக்கும். மூன்றிலும் 'பாஸ்' என்றே இருக்கலாம், பதறாதீர்கள். அந்த மூன்றும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த டொமைன் பெயரில், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரில் வந்ததோ அந்த டொமைன்காரன் அனுப்பியதுதானா இது? ஆரும் என்னும் சேர்த்த அந்தப் பொய் டொமைனை அவன் காசு கொடுத்துப் பதிவு செய்திருக்கிறான், அவன்தான் அதன் சொந்தக்காரன், அதனால் சோதனையில் ஜெயித்துவிடுவான். அந்த டொமைன் எப்போது பதிவானது என்று ஹூ-இஸ் தளத்தில் தேடுங்கள், அநேகமாக மெயில் வருவதற்குச் சில நாள் முன்புதான் இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் பழைய பேச்சு அவன் கையில் இருந்தது என்றால், உங்கள் பக்கமோ இத்தாலி பக்கமோ ஒரு மெயில்பாக்ஸ் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. நாளைக் காலை முதல் வேலையாக ஆபீஸில் எல்லோருடைய மெயில் செட்டிங்ஸிலும் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். உள்ளே வந்தவன் பாஸ்வேர்டை மாற்ற மாட்டான், மாற்றினால் தெரிந்துவிடுமே. 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற சொல் வரும் மெயில் எல்லாம் தனக்கு ஒரு காப்பி வரும்படி ஒரு விதி எழுதி வைத்துவிட்டு வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பான். உங்கள் சப்ளையர் எப்படி வணக்கம் சொல்வார், முதலாளி எப்போது ஊரில் இருக்க மாட்டார், எல்லாம் அவனுக்குத் தெரியும்.

இரவு_டியூட்டி | திங்கள் காலை 6.35

டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது படித்தேன். வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். எனக்குப் போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன்.

"டியூட்டி ரோஸ்டர் மாற்றப்பட்டுள்ளது, உங்கள் லீவு ரத்து, விவரத்துக்கு லாகின் செய்யவும்" என்று மெயில். விடிகாலை ஐந்தரை மணி, ராத்திரி முழுக்க இரண்டு எமர்ஜென்சி, அந்த லீவு என் தங்கை வளைகாப்புக்குப் போட்ட லீவு. படித்ததும் எனக்கு முகவரி பார்க்கத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. போனில் அனுப்பியவர் பெயர் மட்டும் பெரிதாகத் தெரிகிறது, பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டினால்தான் முகவரியே தெரியும், அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. யூசர் நேமும் பாஸ்வேர்டும் போட்டுவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் எங்கள் உண்மையான தளத்துக்கே போய் நின்றது, அதனால் சந்தேகமும் வரவில்லை.

சாதாரண_வாசகன் சார், கவனம் போதாதா என்று கேட்டீர்கள். நாங்கள் ஐ.வி. போடும்போது மருந்தின் பெயரை இரண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரி பார்ப்போம். கவனக் குறைவான நர்ஸ் என்பதால் இல்லை, ராத்திரி மூன்று மணிக்கு யார் கண்ணும் தவறும் என்பதால். மெயிலுக்கு அந்த முறையை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

என்னுடன் இருந்த சீனியர் அக்கா அதே மெயில் தனக்கும் வந்ததைப் பார்த்து, அக்காவுக்கு லீவே இல்லை, அதனால்தான் சந்தேகம் வந்தது, கம்ப்யூட்டர் பிரிவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அரை மணியில் என் பாஸ்வேர்டை மாற்றினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அது ரொம்பப் பெரிய விஷயம். திட்டியிருந்தால் அடுத்து விழுந்த பெண் வாய் திறந்திருக்க மாட்டாள்.

கணக்கு_ராணிப்பேட்டை | திங்கள் மதியம் 1.20

நெட்வொர்க் தம்பி சொன்னபடி காலையில் எல்லோருடைய செட்டிங்ஸும் பார்த்தோம். கிடைத்துவிட்டது. மெர்ச்சன்டைசிங்கில் உள்ள ஒரு பையனுடைய மெயிலில், அவனுக்கே தெரியாத ஒரு ஃபில்டர், சப்ளையர் பெயர் வரும் மெயில் எல்லாம் வெளியே ஒரு முகவரிக்குப் போகிறது. கேட்டதற்கு, இரண்டு மாதம் முன்பு "உங்கள் மெயில்பாக்ஸ் 98 சதவீதம் நிரம்பிவிட்டது, இன்றிரவுக்குள் உறுதி செய்யாவிட்டால் மெயில் வராது" என்று வந்ததைத் தட்டி லாகின் செய்தேன் அண்ணா என்றான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறந்தே போய்விட்டான். ஓ.டி.பி.யும் வந்ததாம், போட்டானாம். ஓ.டி.பி. இருந்தும் எப்படி உள்ளே வந்தார்கள்?

காட்பாடி_நெட்வொர்க் | திங்கள் மாலை 5.45

அண்ணா, இப்போதைய பொய்ப் பக்கங்கள் வெறும் படம் இல்லை. நடுவில் நின்று உண்மையான லாகின் பக்கத்தையே எடுத்துக் காட்டுகின்றன. அந்தப் பையன் போட்ட பாஸ்வேர்டை அதே நொடியில் உண்மையான தளத்தில் போடுகிறது, ஓ.டி.பி. அவன் போனுக்கு வருகிறது, அதையும் வாங்கி உள்ளே போடுகிறது, லாகின் ஆனதும் கிடைக்கும் செஷனை, அதாவது மறுபடி பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே விடும் அனுமதியை, தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அதனால் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது. 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கொடுத்து, அந்த ஃபில்டரை அழித்து, மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையதுதானா என்று பார்த்து, பிறகு ஓ.டி.பி. முறையைப் புதிதாக வைக்க வேண்டும். ஃபில்டரை அழிக்கும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், போலீஸுக்குத் தேவை. ஐ.டி. சட்டம் 66டி, ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அந்தப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

இதற்கு ஓ.டி.பி.யைவிட நல்ல மருந்து பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதில் போனிலோ லேப்டாப்பிலோ இருக்கும் ரகசியச் சாவி, இல்லையென்றால் யு.எஸ்.பி. செக்யூரிட்டி கீ. அது டொமைன் பெயரோடு கட்டப்பட்டது. தளம் பொய் என்றால் நீங்கள் ஆயிரம் முறை அழுத்தினாலும் அது திறக்காது, ஏனென்றால் அது கண்ணால் படிப்பதில்லை, அதற்கு ஆரும் என்னும் எம் ஆகாது. 2017-ல் கூகுள் தன் ஊழியர்கள் 85,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் கீயைக் கட்டாயம் ஆக்கியது. அதன் பிறகு வேலைக் கணக்கு ஒன்றுகூட ஃபிஷிங்கில், அதாவது இப்படிப் பொய் மெயில், பொய்ப் பக்கம் வைத்து ஏமாற்றுவதில், போகவில்லை என்று அடுத்த வருடம் சொன்னார்கள். அது வாங்க முடியாதவர்கள், தளத்தின் முகவரியைப் பார்த்துப் பாஸ்வேர்டைத் தானே நிரப்பும் ஒரு பாஸ்வேர்ட் மேனேஜராவது வையுங்கள். வழக்கமாகத் தானே நிரப்பும் கட்டம் ஒருநாள் காலியாக நின்றால், கையால் டைப் அடிக்காதீர்கள், அது ஏன் நிரப்பவில்லை என்று முதலில் பாருங்கள்.

ஆற்காடு_ஆடிட்டர் | திங்கள் இரவு 8.30

என் பங்குக்கு வரி விஷயம். ஜூலை மாதம் முழுக்க என் கிளையன்ட்டுகள் "ரீஃபண்ட் வந்திருக்கிறதாம் சார், லிங்க் தட்டட்டுமா" என்று கூப்பிட்டபடி இருப்பார்கள். கூப்பிடுகிறவர்களால் எனக்குத் தொந்தரவே இல்லை. கூப்பிடாதவர்களை நினைத்துத்தான் கவலை.

வருமான வரித் துறை நோட்டீஸ் என்று வந்தால் அதில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும், 2019 அக்டோபர் 1 முதல் இந்த முறை. மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், நீங்களே பிரவுசரில் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்று அடித்து உள்ளே போய், நோட்டீஸை உறுதிப்படுத்தும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான நோட்டீஸ் என்றால் அங்கே தெரியும். ரீஃபண்ட் போர்ட்டலில் நீங்கள் உறுதி செய்து வைத்த வங்கிக் கணக்குக்குத் தானே வரும், அதற்காக கார்டு எண்ணையும் பின்னையும் துறை கேட்காது.

முகவரியைப் படிக்க ஒரு முறை இருக்கிறது, இதை என் ஆபீஸில் உள்ள பெண்களுக்குப் பேப்பரில் எழுதிக் காட்டித்தான் புரிய வைத்தேன். லிங்க்கில் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே என்று பாருங்கள், அதற்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசியில் கவ் டாட் இன் என்று முடிந்தால் அரசாங்கம். 'இன்கம்டாக்ஸ்-கவ்-இன்' என்று நடுவில் கோடு போட்டு கடைசியில் டாட் காம் என்று முடிந்தால் அது யாரோ ஒருவன் வாங்கிய டாட் காம், முன்னால் என்ன எழுதியிருந்தாலும் சரி. பேங்குகளுக்கும் இப்போது அப்படி ஒன்று வந்துவிட்டது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா பேங்குகளும் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அந்த முகவரி பேங்குகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆனால் புள்ளியைப் பாருங்கள். பேங்கின் பெயர், ஒரு புள்ளி, அப்புறம் பேங்க், அப்புறம் ஒரு புள்ளி, இன். முதல் புள்ளி இல்லாமல் பெயரும் பேங்கும் ஒட்டியிருந்தால் அந்தக் காப்பு இல்லை, அதை யாரும் வாங்கலாம்.

வாணியம்பாடி_பட்டதாரி | திங்கள் இரவு 9.05

வேலை தேடுகிறவர்களுக்கும் வருகிறது. பெரிய கம்பெனி பெயரில் ஆஃபர் லெட்டர், சீல் எல்லாம் போட்டு, லேப்டாப் டெபாசிட் 4,500 ரூபாய் கட்டினால் ஜாயினிங் தேதி என்று. அனுப்பிய முகவரி சாதாரண ஜிமெயில். நான் இன்டர்வியூவே போகவில்லை, ஆனாலும் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது. நண்பன் அந்த கம்பெனியின் தளத்தில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னான், அப்படி ஓர் ஆஃபரே இல்லை என்றார்கள்.

ஏலகிரி_எக்ஸ்பிரஸ் | செவ்வாய் காலை 7.15

தினமும் ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவன். என் விதி ஒன்றுதான், நின்றுகொண்டே எந்த மெயிலிலும் எதையும் தட்டுவதில்லை. படிப்பேன், சீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில்தான் திறப்பேன். லேப்டாப்பில் லிங்க் மேல் மவுஸை வைத்தால் கீழே உண்மையான முகவரி தெரிகிறது. போனில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும், ஆனால் கூட்டத்தில் ஒருவர் இடித்தாலே அது திறந்துவிடும். க்யூ.ஆர். படம் வைத்து வரும் மெயிலில் இன்னும் கவனம் வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பின் பாதுகாப்பைத் தாண்டி உங்கள் சொந்தப் போனுக்கு உங்களை இழுத்துக்கொண்டு போகத்தான் அந்தப் படம்.

மேல்விஷாரம்_தோல் | செவ்வாய் காலை 10.40

எனக்குச் சின்னதாக ஒரு தோல் ஷாப்பு இருக்கிறது, 40 பேர் வேலை செய்கிறார்கள். இந்த இழையை ராத்திரி முழுதாகப் படித்தேன். கணக்கு பாய், உங்கள் முதல் பதிவில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. இதைக்கூட நீயே பார்க்க மாட்டாயா என்ற வரி. அதை நானும் என் ஆபீஸில் சொல்லியிருக்கிறேன், எத்தனை முறை என்று கணக்கில்லை.

மெயிலில் வந்தவன் நம்பியது கெட்டுப்போன கம்ப்யூட்டரை இல்லை. உங்கள் ஆள் உங்களுக்குப் போன் செய்யப் பயப்படுவான் என்பதை நம்பினான். போன் எடுக்க முடியாது என்று அவன் எழுதியது எதற்கு, போன் ஒன்றுதான் அவன் வித்தையை உடைக்கும் என்பதற்காகத்தான். எங்கள் தொழிலில் 50 வருடமாகப் பேச்சிலேயே லட்சக்கணக்கில் தோல் கைமாறியிருக்கிறது, ஆள் குரலைக் கேட்டு வியாபாரம் செய்தவர்கள் நாங்கள், மெயில் வந்த பிறகு குரல் கேட்பதையே விட்டுவிட்டோம்.

இன்று காலை மேனேஜரையும் அக்கவுண்ட்ஸ் பெண்ணையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். யாருடைய வங்கிக் கணக்கு மாறினாலும், என் பெயரிலேயே அவசரம் என்று மெயில் வந்தாலும், வாட்ஸ்அப்பில் என் போட்டோவோடு வந்தாலும், எனக்குக் கூப்பிடுங்கள். ஜும்ஆ தொழுகை நேரம் என்றால் முடிந்ததும் நான் கூப்பிடுவேன், அதுவரை பணம் போகாது. தாமதத்தால் ஒரு சரக்கு நின்றால் அது என் நஷ்டம், உங்கள் மேல் வராது. கையெழுத்துப் போட்டு வைத்த செக்கு, ஃபார்ம் எல்லாவற்றையும் வாங்கிக் கிழித்தேன்.

உங்கள் முதலாளிக்கு இதைக் காட்டுங்கள். தேவைப்பட்டால் நான் பேசுகிறேன்.

சாதாரண_வாசகன் | செவ்வாய் மதியம் 2.00

நான் முதலில் எழுதியது தவறு, கணக்கு சாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நர்ஸ் அம்மா சொன்ன இரண்டு பேர் படிக்கும் முறை மனதில் நின்றுவிட்டது.

ஒரு சந்தேகம். சப்ளையருக்குக் கூப்பிடுங்கள் என்கிறீர்கள், எந்த எண்ணுக்கு? மெயிலின் கீழேயே எண் இருக்குமே.

குடியாத்தம்_ஓய்வு | செவ்வாய் மதியம் 2.25

நல்ல கேள்வி. அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு மட்டும் கூப்பிடக் கூடாது, அதை எடுப்பதும் அவன் ஆள்தான். அந்த மெயில் வருவதற்கு முன்பே உங்களிடம் இருந்த எண், பழைய காகித இன்வாய்ஸில் உள்ளது, விசிட்டிங் கார்டில் உள்ளது. நான் டெஸ்க்கில் இருந்தபோது வாடிக்கையாளர் கணக்கு மாற்றச் சொன்னால், கணக்கு திறந்த ஃபார்மில் உள்ள எண்ணுக்குத்தான் கூப்பிடுவோம். "நீங்கள் அனுப்பினீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள், "எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், கடைசி நான்கு எண் சொல்லுங்கள்" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

கணக்கு_ராணிப்பேட்டை | வியாழன் இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. ரீகாலுக்குப் பதில் வந்தது, கணக்கில் பணம் இல்லை என்று. புகார் பதிவாகிவிட்டது. முதலாளிக்கு மேல்விஷாரம் பாய் எழுதியதைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தன் இரண்டாவது போன் எண்ணை எழுதிக் கொடுத்தார், வீட்டு ஆட்களிடம் மட்டும் இருக்கும் எண். அந்த மெர்ச்சன்டைசிங் பையனை வேலையை விட்டு எடுக்க வேண்டாம் என்று கேட்டேன், சரி என்றார்.

சப்ளையர் எண்களைக் கம்ப்யூட்டரில் வைக்காமல் ஒரு நீள நோட்டில் கையால் எழுதுகிறேன். 62 பேர். நேற்று இத்தாலிக்கு நானே போன் செய்தேன், பேச வேண்டியதை முன்பே பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு. அந்த அம்மா மெதுவாகத்தான் பேசினார், எல்லாம் புரிந்தது. கணக்கின் கடைசி நான்கு எண்ணைச் சொன்னார், நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதி போட்டு, ஸ்டோர்ஸ் அக்காவிடம் இரண்டாவது கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

இரவு_டியூட்டி | வியாழன் இரவு 9.30

அண்ணா, அந்த நோட்டில் என்னென்ன கட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட முடியுமா? எங்கள் வார்டில் மருந்து சப்ளையர்களுக்கு இதே மாதிரி ஒன்று போடலாம் என்று அக்கா கேட்கிறார்.

கணக்கு_ராணிப்பேட்டை | வியாழன் இரவு 9.42

போட்டோ வேண்டாம் தங்கச்சி, அதில் எல்லோருடைய எண்ணும் இருக்கிறது. கட்டம் மட்டும் சொல்கிறேன்: சப்ளையர் பெயர், பேசும் ஆள் பெயர், போன் எண், அந்த எண் எங்கிருந்து கிடைத்தது, கணக்கின் கடைசி நான்கு எண், போனில் கேட்ட தேதி, என் கையெழுத்து, இரண்டாவது ஆள் கையெழுத்து. "எங்கிருந்து கிடைத்தது" என்ற கட்டத்தில் "மெயில்" என்று எழுத வேண்டி வந்தால் அந்த வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஒன்பது வரி காலி. நாளை அவர்களுடைய பழைய டெலிவரி சலான் ஃபைலை எடுத்துப் பார்க்கப் போகிறேன்.